முத்திரையும் மெய்யும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு சிறு பங்கில் நாம் சில ஆண்டுகள் பணியாற்றிய காலத்தில், ஒரு பொம்மையின் பொருட்டு இருமுறை நாணமுற நேர்ந்தது. அதனை வாசகர்களிடம் மறைப்பானேன்?

மக்கள் அளிக்கும் பழம்பொருள்களை ஆண்டுதோறும் விற்று, வரும் பணத்தால் ஏழைகளுக்கு உதவுவது அப்பங்கின் வழக்கம். எழுபது வயதைக் கடந்த கைம்பெண் ஒருவர் காலணிப் பெட்டி ஒன்றைக் கொணர்ந்தார். அதனுள் ஒரு பார்பி பொம்மையும் அதன் சிற்றாடைகள் பலவும் இருந்தன. பொம்மையின் முதுகுப்புறத்தில் 1966 எனும் எண்ணைக் கண்டோம். உடனே "1966ஆம் ஆண்டுப் பொம்மை" என்று சீட்டெழுதி, எண்பது டாலர் விலை குறித்தோம். இளந்தாய் ஒருவர் மகிழ்வுடன் அதனை வாங்கிச் சென்றார்.

பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இத்தகைய பொம்மைகளை நெடுங்காலமாகச் சேர்த்து வருபவர். செய்தியறிந்த அவர், "ஆண்டுக்கு அருகே எந்த நாட்டின் பெயர் இருந்தது, தந்தையே?" என வினவினார். மலேசியா என்றோம். அவர் புன்னகைத்தார்.

பார்பி பொம்மை முதன்முதலில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் 1959 மார்ச் 9ஆம் நாள் அறிமுகமாயிற்று. தொடக்கக்காலப் பொம்மைகள் ஜப்பானில் செய்யப்பட்டவை. தைவான், பிலிப்பைன்ஸ், மலேசியா முதலிய நாடுகளில் உற்பத்தி நடந்தது பின்னாளில்தான். 1966 என்பது இடை திரும்பும் உடலமைப்பின் உரிமையைக் குறிக்கும் ஆண்டு; பொம்மை பிறந்த ஆண்டன்று. அதே எண் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பொறிக்கப்பட்டது. ஆகவே, ஓர் அடையாளத்தை மட்டும் நம்பலாகாது. முதல் வெளியீட்டுப் பொம்மைக்குக் கருவிழியைச் சூழ்ந்த வளையம் வெண்மையாக இருக்கும். பாதங்களில் தாங்கியில் பொருத்துவதற்கான துளைகளும் அவற்றினுள் செப்புக் குழல்களும் இருக்கும். ஆடையிலோ உட்புறம் தைத்த சிறு துணிச்சீட்டைப் பார்க்க வேண்டும். கண், பாதம், முத்திரை, தையல் ஆகிய யாவும் ஒத்துரைத்தால்தான் சான்று நிறைவுறும். இவற்றையெல்லாம் ஆசிரியை பொறுமையுடன் விளக்கினார்.

அன்று மாலையே அவ்விளந்தாயின் இல்லம் சென்று, பிழையைக் கூறிப் பணத்தை நீட்டினோம். அவரோ உரிய விலை போக எஞ்சியதை மட்டும் பெற்றுக்கொண்டு, பொம்மையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். இது முதல் நாணம்.

புதிதாய்க் கற்றவனுக்குச் செருக்கு மிகுதியன்றோ? விற்காது எஞ்சிய சிற்றாடைகளை எடுத்து, துணிச்சீட்டு உள்ளவற்றை ஒருபுறம் அடுக்கினோம். இல்லாதவற்றைக் கந்தல் மூட்டையில் எறிந்தோம்.

மறுவாரம் அந்த மூதாட்டி பதறி வந்தார். "பெட்டியின் அடியில் பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை ஒன்று இருந்ததே, தந்தையே! அதை மறந்து கொடுத்துவிட்டேன்" என்றார். கணவர் இறந்த குளிர்காலத்தில், அவருடைய மேலங்கியின் கையை வெட்டி, ஏழு வயது மகளின் பொம்மைக்கு அவரே தைத்த சட்டை அது. தந்தையின் துணியைத் தொட்டுக்கொண்டே அக்குழந்தை உறங்குமாம்.

எமக்கு நா எழவில்லை. நல்லவேளை, மூட்டை இன்னும் அனுப்பப்படவில்லை. தரையில் அமர்ந்து ஒவ்வொரு துணியாய் உதறித் தேடினோம். அடியில் கிடைத்தது அந்தச் சட்டை: கோணல் தையல், ஒரே ஒரு பொத்தான், துணிச்சீட்டு ஏதுமில்லை. அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு அவர் நெடுநேரம் பேசவில்லை.

முத்திரை இருந்ததால் அதனை மிகையாய் நம்பினோம். முத்திரை இல்லாததால் விலைமதிப்பற்றதை எறிந்தோம். இரண்டும் விசாரியாமல் தீர்ப்பிட்ட குற்றமே. கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பின் இரண்டாவது பிழை நேர்ந்திராது.

ஆதலின், அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பேழையிலும் பழைய பொம்மையோ குழந்தைச் சட்டையோ இருக்கக்கூடும். அதைத் தைத்தவர் யார், எவருடைய துணி அது, எந்த ஆண்டு என்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். தைத்த கைகள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அம்மூதாட்டியின் மகள் அவ்வாறே எழுதிச் சட்டையுடன் வைத்திருக்கிறார்.