அசலில் 176 ரூபாய்

2023 ஏப்ரல் மாதம் எங்கள் வீட்டுக்கடனில் அசலாகக் கழிந்த தொகை 176 ரூபாய். கட்டியது 23,259. வட்டிக்குப் போனது 23,083. இந்த மூன்று எண்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறேன். கம்பெனிக் கணக்கில் நாற்பது பைசா இடித்தாலும் எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுவேன். ஆனால் சொந்தக் கடனின் ஸ்டேட்மென்ட்டை, கடன் வாங்கிய 2021 ஜூலையிலிருந்து ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. ஐந்தாம் தேதி பணம் போய்விட்டதாக எஸ்எம்எஸ் வரும். போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன். அன்றைக்குக்கூட வரி கணக்குக்காக வட்டிச் சான்றிதழ் எடுக்கப் போய்த்தான் தற்செயலாகப் பார்த்தேன்.

அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். "நூத்தி எழுபத்தாறு ரூபாயா? அதுல கால் கிலோ நெய் வாங்கலாம்டி" என்றாள். அவளுக்கு அது சிறிய தொகை என்று பட்டதா, பெரிய தொகை என்று பட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். ஊரப்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்க 30 லட்சம் கடன், 20 வருஷம், 7 சதவீதம். அப்போது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதத்தில் இருந்தது. எங்கள் கடன் அதோடு கட்டிப்போட்ட மிதக்கும் வட்டிக் கடன். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ஆறு தடவை ஏற்றி ரெப்போவை 6.5-க்குக் கொண்டுபோனார்கள். எங்கள் வட்டி 9.5 ஆனது. வங்கி தவணைத் தொகையைத் தொடவில்லை, காலத்தை நீட்டிவிட்டது. தவணை அப்படியே இருந்ததால் எங்களுக்கு எதுவும் மாறவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். இருபத்தோரு தவணைகளில் 4,88,439 ரூபாய் கட்டியிருக்கிறோம். கடன் குறைந்தது 84 ஆயிரத்துச் சொச்சம்.

எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். இதே தொகையை இதே வட்டியில் கட்டிக்கொண்டே போனால் 619 மாதம். எனக்கு அப்போது வயது 33. கடன் முடியும்போது 84 முடிந்திருக்கும். வங்கி அத்தனை காலம் விடாது, என்றைக்காவது தவணையை ஏற்றத்தான் செய்யும் என்பது தெரியும். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்த இரவில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஆறு வயது மகளுக்கு அப்போது என்ன வயதாகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். 57. 

கிளையில் போய்க் கேட்டபோது, "சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா பண்றது மேடம்" என்றார்கள். அந்த ஆகஸ்ட் மாதம்தான் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரையே கேட்க வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. எங்களுக்கு அது கொஞ்சம் தாமதம்.

ஆபீஸில் இரண்டு கட்சி. வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பது முட்டாள்தனம், வரிச்சலுகை போய்விடும், அந்தப் பணத்தை எஸ்ஐபியில் போடு என்று ஒரு கட்சி. அவர்களுக்கு நான் சொன்ன கணக்கு: வருஷத்துக்கு 2.77 லட்சம் வட்டி கட்டுகிறேன். அதில் 2 லட்சம்தான் கழிவு. இருபது சதவீத வரம்பில் எனக்கு மிச்சமாவது 41,600. நாற்பதாயிரத்தை மிச்சம் பிடிக்க இரண்டே முக்கால் லட்சம் செலவழிப்பதற்கு என்ன பெயர்? எஸ்ஐபி விஷயத்தில் அவர்கள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நான் தாம்பரத்தில் ஒரே தெருவில் நான்கு வாடகை வீடு மாறி வளர்ந்தவள். ஹவுஸ் ஓனர் மோட்டார் போடும் நேரத்துக்குக் குளித்தவள். பத்திரம் கைக்கு வரும் நாளை எந்த ஃபண்டும் எனக்குத் தராது.

மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்ட வங்கி அபராதம் போட முடியாது. ஆக, மாதம் எவ்வளவு கூடுதலாகப் புரட்ட முடியும் என்பதுதான் கேள்வி. மகளின் பழைய கணக்கு நோட்டில் மீதியிருந்த பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன்.

முதலில் போனது கேப். ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து நான்காவது ஸ்டாப் மறைமலைநகர். மாதச் சீசன் எடுத்தால் ஆகும் பணம் முன்பு எனக்கு ஒரு நாள் கேப் செலவு. பிள்ளை பெற்ற பிறகு, லேட்டாகிறது, லேட்டாகிறது என்று கேபுக்குப் பழகியிருந்தேன். 2,600 ரூபாய் மிச்சம். அடுத்தது ஆர்டர் செய்து சாப்பிடுவது. மூன்று மாதக் கணக்கைக் கூட்டிச் சராசரி எடுத்தபோது என் கணவர் ஃபோனை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தார். அதே 2,800. மெடிக்கல் ரெப் வேலை. மதியம் எங்கே நிற்பார் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் டிஃபன் பாக்ஸ் தூக்க ஆரம்பித்தார். "டாக்டர் வெயிட்டிங் ரூம்ல உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடற ஒரே ரெப் நான்தான்" என்பார்.

கரண்ட் பில்லை அம்மா எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் ஏறாது. 2023-இல் 101-லிருந்து 200 வரைக்கும் 2.25 ரூபாயாக இருந்தது 4.50 ஆகிவிடும். ஒரே யூனிட்டில் அப்போது 225 ரூபாய் போய்விடும். இதை நான் விளக்கியதுதான் தவறு. அதற்குப் பிறகு அம்மா தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது கீழ்த்தளத்து மீட்டர் போர்டு முன்னால் நின்று எங்கள் மீட்டரைப் படித்து, நாள்காட்டியில் குறித்தாள். கடைசிப் பத்து நாளில் ஏசி ரிமோட் அவள் தலையணைக்கடியில் இருக்கும். மருமகன் வியர்த்துக்கொண்டு நிற்பார். "மாப்ள, நானூத்தி எழுபத்தொண்ணு" என்பாள். அவ்வளவுதான்.

ரேஷன் அரிசி இட்லிக்கு. ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், சாம்பாருக்கு. பாக்கெட் மாவை நிறுத்தி கிரைண்டரை அட்டத்திலிருந்து இறக்கினோம். அந்த ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குக் கொடுத்த வரிசையில் நானும் அம்மாவும் மாறி மாறி நின்றோம். தக்காளி இல்லாத குழம்பில் அம்மாவின் கை எப்படிப்பட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் அந்தக் கோடை ஏதோ சோகமாகப் போனது என்று நினைக்கவேண்டாம். நோட்டைச் சுற்றி உட்கார்ந்து மூன்று பேரும் சிரித்த இரவுகள் உண்டு. சேமிப்பதில் ஒரு போதை இருக்கிறது. விளையாட்டில் ஸ்கோர் ஏறுவது மாதிரி.

ஸ்கோர் 9,500-இல் நின்றுவிட்டது. அந்தத் தொகையைக் கூடுதலாகக் கட்டினால் 155 மாதம். 2036 வரை. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருப்பாள். ஃபீஸும் தவணையும் ஒன்றாக வரும். 12,000 ஆக்கினால் 135 மாதம். அவள் ப்ளஸ் டூவில் இருக்கும்போதே முடிந்துவிடும். நடுவில் 2,500 இடித்தது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைக்க வந்துகொண்டிருந்த அக்காவின் சம்பளம் 2,500.

"அந்தப் பொண்ண நிறுத்தாதடி. நான் வேணா காபிய விட்டுடறேன்" என்றாள் அம்மா. காபியில் எவ்வளவு மிச்சமாகும் என்று நான் கணக்குப் போட்டேன். நானூறு தேறாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முந்தைய வருஷம் கார்த்திகை சமயத்தில் அக்கா ஒரு அட்டையைக் கொண்டுவந்து "இதுல என்னம்மா போட்டிருக்கு, படிச்சு சொல்லு" என்று நீட்டினார். மகளிர் குழுக் கடன். 50,000 ரூபாய், பதினைந்து நாளைக்கு ஒருமுறை 1,220, இரண்டு வருஷம், 52 தவணை. மகனை பாலிடெக்னிக்கில் சேர்க்க வாங்கியது. நான் அங்கேயே ஃபோனில் தட்டிப் பார்த்து, "அக்கா, வட்டி 24 சதவீதத்துக்கு மேல வருது. ஏன் இதுல வாங்கினீங்க?" என்றேன். அவர் அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "பேங்க்ல எனக்கு யாரும்மா தருவாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

மாதத்துக்கு இரண்டு தவணை, 2,440. நாங்கள் கொடுப்பது 2,500. நோட்டில் அந்த வரியை எழுதும்போது இந்த இரண்டு எண்களையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். பார்த்துவிட்டு, அவர் இன்னும் மூன்று வீட்டில் வேலை செய்கிறாரே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சொன்னபோது அக்கா பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "வட்டி ரொம்ப ஏறிப்போச்சுக்கா" என்று ஆரம்பித்து, ரெப்போ ரேட் வரைக்கும் போய்விட்டேன். எதற்கு அதெல்லாம் சொன்னேன் என்று தெரியவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்த மாசம் முடியற வரைக்கும் வரட்டுமா, இல்ல நாளைலேந்தே வேணாமா?" என்றார்.

மாதம் முடியும்வரை வரச் சொன்னேன். கடைசி நாள் ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். நோட்டில் அதை 'இதர' என்று எழுதினேன்.

பிறகு பாத்திரம் அம்மாவுக்கும் எனக்கும் என்று பங்கு. நான் ஆறரைக்குக் கிளம்பி ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவள் என்பதால் அந்தப் பங்கு எப்படிப் பிரிந்தது என்று சொல்லத் தேவையில்லை. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவதும் அம்மாதான். அடுத்த வருஷம் அவள் வலது மணிக்கட்டு வீங்கியது. எக்ஸ்ரே, பிசியோ என்று போன பணத்தை 'மருத்துவம்' என்ற தலைப்பில் எழுதினேன். சேமித்த தலைப்பு வேறு பக்கத்தில் இருந்தது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கூட்டியது என் கணவர்தான். கூட்டிவிட்டு நோட்டை மூடி வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

அக்காவை நடுவில் ஒருமுறை பார்த்தேன். ஸ்டேஷனுக்குக் குறுக்குவழியாகப் போகும் சந்தில், ஒரு வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பைக்கில் வந்த பையன் ஒருவன் கையில் டேப்லெட்டோடு பெயர் வாசித்துக்கொண்டிருந்தான். குழுக் கூட்டம். ஒருத்தியால் கட்ட முடியவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்டவேண்டும், எண்ணி முடிக்கும்வரை யாரும் எழுந்து போக முடியாது. அன்றைக்கு ஏதோ இடித்திருக்க வேண்டும். ஒரு அம்மாள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா சுருக்குப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்துப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்ததைப் பார்த்தேன். அது யாருடைய தவணை, கடன் கொடுத்தாரா வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாரா, தெரியாது. என்னைப் பார்த்ததும் "ஸ்டேஷனுக்காம்மா?" என்று சிரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். ரயில் வர இன்னும் ஒன்பது நிமிஷம் இருந்தது.

எங்கள் கடன் குறைந்துகொண்டிருந்தது. இரண்டு தீபாவளி போனஸையும் அப்படியே ஒவ்வொரு லட்சமாக அசலில் போட்டோம். 2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போவும் இறங்க ஆரம்பித்து, ஜூனில் 5.5-க்கு வந்தது. எங்கள் வட்டி 8.5. ஆகஸ்ட் மாதம் பாக்கி 23 லட்சத்துச் சொச்சம். 176 ரூபாய் கழிந்த இடத்தில் 18 ஆயிரத்துக்கு மேல் கழிகிறது. ஸ்டேட்மென்ட்டைத் திறப்பது இப்போது எனக்குப் பண்டிகை மாதிரி.

அந்த மாதம்தான் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. எண் மாறியிருக்குமோ என்று நினைத்தேன், எடுத்தார். குழுக் கடன் போன வருஷமே முடிந்துவிட்டதாம். மகன் ஒரகடத்தில் அப்ரண்டிஸ். இப்போது பெரிய அபார்ட்மென்ட் ஒன்றில் இரண்டு வீட்டுச் சமையல். பத்தரைக்கு மேல் வரலாம் என்றார்.

"ஆனா அப்ப ரெண்டாயிரத்தி ஐந்நூறும்மா. இப்ப மூவாயிரத்தி ஐந்நூறு. மாசம் நாலு நாள் லீவு. அது நீ ஒத்துக்கணும்."

ஒத்துக்கொண்டேன். இரவு என் கணவர் லேப்டாப்பைத் திறந்து, "பதினாலு மாசம் தள்ளிப் போகுது" என்றார். 2,500-க்கு இருபது மாதம் என்றிருந்தது, இப்போது 3,500-க்கே பதினாலு. பாக்கி குறையக் குறைய அப்படித்தான் ஆகும் என்று அவருக்கு விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் கேட்காமலே புதுத் தொகையைப் போட்டு ஷீட்டை சேவ் செய்திருந்தார்.

முதல் நாள் நான் லீவு போட்டிருந்தேன். அம்மா பீரோவிலிருந்து எடுத்த நல்ல டம்ளரில் காபி கொடுத்தாள். அக்கா குடித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிங்க் பக்கம் போனார். அலமாரியிலிருந்து இரும்பு வாணலியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா இத யாரு தேய்ச்சீங்க?" என்றார். "அடி புடிச்சது அப்படியே இருக்கு."

நான் என்றேன்.