வானத்தில் ஒரு வளைவு

இரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதும் நமக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. புனே நகருக்குக் குடிவந்த பின், ஹடப்சர் கிளைடர் திடலில் விடுமுறை நாட்களில் பறக்கக் கற்றோம். இயந்திரமில்லாத அவ்விமானத்தைத் தரையிலுள்ள விஞ்சு, கம்பியால் இழுத்து மேலே ஏற்றிவிடும். கம்பி கழன்றபின் காற்றும் கையும் காலுமே துணை. அங்கு கடினமாயிருந்தது ஏறுவதன்று; ஒழுங்காகத் திரும்புவதே.

இருப்புப்பாதை வளையுமிடத்தில் வெளிப்புறத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி அமைப்பார்கள். அச்சாய்வும் வண்டியின் வேகமும் பொருந்தினால் பயணியின் கையிலுள்ள குவளை நீர் ஒருபுறம் ஒதுங்காது. பொருந்தாவிடில் உடலே ஒருபுறம் தள்ளப்படும். கிளைடர் திரும்புவதும் அவ்வாறே. ஆனால் வானத்தில் தண்டவாளம் இல்லை. சாய்வையும் திசையையும் ஓட்டுபவரே கணந்தோறும் அமைத்துக்கொள்ள வேண்டும்.

கைத்தடியை இடப்புறம் சாய்த்தால் வலது இறக்கையின் பின்னோர மடல் கீழிறங்கும். அவ்விறக்கை மேலெழும்; கூடவே காற்றின் தடையும் அதற்கு மிகும். ஆகவே மூக்கு முதலில் வலப்புறமே இழுபடும். இறக்கை முனைக்கு முனை 15 மீட்டர் அகலமுள்ள கிளைடர்கள் பல. அதனால் இவ்விழுப்பும் மிகுதி. கை சாயும் அதே கணத்தில் இடது காலும் சுக்கான் மிதியை அழுத்த வேண்டும். வேண்டிய சாய்வு வந்ததும் இரண்டையும் தளர்த்த வேண்டும். ரைட் சகோதரர்கள் 1902ஆம் ஆண்டில் தம் கிளைடரின் அசையா வால் தகட்டை அசையும் சுக்கானாக மாற்றியதும் இத்தொல்லையைத் தீர்க்கவே.

திருப்பம் செவ்வையா என்று காட்டுவது, முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டிய ஒரு கம்பளி நூல். அது நேரே பின்னோக்கிக் கிடக்க வேண்டும். நுனி வலப்புறம் ஒதுங்கினால் இடது காலை அழுத்த வேண்டும்; இடப்புறம் ஒதுங்கினால் வலது காலை. மேலதிகாரியின் முகத்தைக்கூட நாம் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை!

இஃது அழகுக்கான ஒழுங்கன்று. இறங்குவதற்காகத் தாழ்வாகத் திரும்புகையில், ஓடுபாதையைத் தாண்டிவிடுவோமோ என்ற பதற்றம் எழும். சாய்வைக் கூட்ட அஞ்சும் மனம், காலால் மட்டும் மூக்கைத் திருப்பத் தூண்டும். வேகமும் குறைந்திருந்தால் உட்புற இறக்கை தாங்குதிறனை இழக்கும். விமானம் சுழன்று வீழும். மீள்வதற்கு உயரம் இராது. சாய்வைக் கூட்டுவதற்கும் விலை உண்டு. 45 பாகைச் சாய்வில் இறக்கை, எடையைப்போல் 1.41 மடங்கு சுமக்கிறது. தாங்குதிறன் இழக்கும் வேகமும் ஏறத்தாழ 19 விழுக்காடு உயர்கிறது. ஆதலால் திரும்புமுன்னரே தக்க வேகம் வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்ட நம் இல்லாள், "இறங்கும்போது தரையைப் பார்ப்பீர்களா, நூலைப் பார்ப்பீர்களா?" என்று வினவினாள். நூல் கண்ணெதிரே இருப்பதால் இரண்டையும் ஒருங்கே காணலாம் என்றோம்.

"அப்படியானால் போய் வாருங்கள். நேரமாகிவிட்டதென்று மட்டும் அவசரமாகத் திரும்பாதீர்கள்" என்றாள்.

ஆசிரியர் பல நாள் கற்பித்ததும் அதுவே.