கூண்டு கட்டிய கெப் வண்டியும் கச்சான் காற்றும்

மாட்டு வண்டிகள் ஓடிய காலத்தில், கூண்டு எதற்காகக் கட்டுகிறார்கள் என்று எவரும் கேட்டதில்லை. பெண்டு பிள்ளைகள் வெயில் படாமல் இருக்கவும், நெல் மூடை மழையில் நனையாமல் இருக்கவுமே கூண்டு. கூண்டு கட்டினால் மாடு குறைவாக வைக்கோல் தின்னும் என்று சொல்லிக் கூண்டு விற்றவர் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மோட்டார் வண்டிக் காலத்தில் அப்படியும் விற்பனை நடக்கிறது.

மருதமுனையிலே எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். கைத்தறிச் சாரமும் சேலையும் நெய்விக்கும் வியாபாரி. ஊரார் அவரை ஹாஜியார் என்றே அழைப்பர். நானும் அவ்வாறே அழைப்பேன். அவருடைய மகன் கல்லூரியில் என்னிடம் பௌதிகவியல் பயின்றவன். இப்பொழுது தந்தையின் பழைய கெப் வண்டியில் துணிக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு, கல்முனையிலிருந்து அறுகம்பே வரையுள்ள கடைகளுக்குக் கொண்டு சேர்க்கிறான்.

சென்ற மாரியில் ஒரு நாள் தறப்பாள் கிழிந்து ஒரு கட்டுச் சேலை முழுவதும் நனைந்து சாயம் இறங்கிவிட்டது. அதன் பிறகே, பெட்டியை மூடும் கண்ணாடியிழைக் கூண்டு ஒன்று வாங்கும் எண்ணம் பிறந்தது. கனோபி என்று பலர் சொல்லும் அந்தக் கூண்டின் விலை சிறிதன்று. விற்பனையாளர் ஒருவர், “காற்று பெட்டிக்குள் விழாது, இரண்டு வருட டீசல் மிச்சத்திலேயே விலை கழிந்துவிடும்” என்று உறுதி கூறியிருந்தார். அந்த வார்த்தையை நம்பி, வீட்டிலுள்ள நகைகளை அடகு வைப்பதற்குக் கூட ஹாஜியார் ஆயத்தமாகிவிட்டார்.

“சேர், டீசல் மிச்சம் எண்டு சொல்றது மெய்தானா? நீங்க சொன்னா வாங்குவன், இல்லாட்டி விடுவன்” என்றார்.

அவருடைய கவலை வீண் கவலையன்று. 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கியதையும் இந்நாட்டில் எவர் மறப்பார்? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேதான். ஆகவே பழைய வண்டியைப் பேணி, டீசலைச் சிக்கனமாக எரித்தால்தான் சிறு வியாபாரிக்குப் பிழைப்பு. “ஓடிப் பார்த்துச் சொல்கிறேன், ஹாஜியார்” என்றேன். அவருடைய மைத்துனரிடம் அளவு பொருந்தும் பழைய கூண்டு ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கினோம்.

மூன்று சனிக்கிழமைகள், ஒரே பாதை, ஒரே சாரதி, ஏறத்தாழ ஒரே பாரம். முதல் முறை தறப்பாள் கட்டிய திறந்த பெட்டி. இரண்டாம் முறை கூண்டு. மூன்றாம் முறையில் நடந்ததைப் பின்னர் கூறுகிறேன். ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் தாங்கியை விளிம்பு வரை நிரப்பினோம். திரும்பி வந்ததும் அதே பம்பியில் மறுபடியும் விளிம்பு வரை நிரப்பிச் செலவைக் கண்டோம்.

கல்முனையிலிருந்து தெற்கே அறுகம்பே ஏறத்தாழ 70 கிலோமீற்றர். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊருக்கு ஊர் தொடுத்து வைத்தாற்போல இருக்கும். பள்ளிவாசல் மினாரா மறையுமுன் கோயிற் கோபுரம் தோன்றும். கோபுரம் மறையுமுன் அடுத்த மினாரா. வீதியின் ஒரு புறம் கடல். மறுபுறம் பச்சைப் பசேலென்ற சிறுபோக வயல்.

காரைதீவைக் கடக்கும்போதெல்லாம் சுவாமி விபுலாநந்தரை நினையாமல் கடக்க என்னால் இயலாது. 1892 இல் இவ்வூரிற் பிறந்த அவர், தமிழ்ப் பேராசிரியராக அறியப்பட்டாரேனும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி; கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். மறைந்துபோன யாழ்களின் இயல்பைக் கணிதத்தால் ஆராய்ந்து அவர் எழுதிய யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. காதாற் கேட்டதையும் கணக்கிட்டுப் பார்த்தவர் பிறந்த ஊரைக் கடந்து செல்கையில், டீசற் கணக்கையும் அளந்து பார்ப்பதுதானே முறை?

ஊர்களின் ஊடே வண்டி நாற்பதுக்கு மேல் போவதில்லை. சந்தை, பள்ளிக்கூடம், ஓட்டோ, துவிச்சக்கர வண்டி என்று அடிக்கடி நிறுத்தம். அந்த ஓட்டத்தில் என் பழைய மாணவனுக்குக் கணக்கைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஓடும் வண்டியைப் பின்னுக்கு இழுப்பவை முக்கியமாக இரண்டு. சில்லுகள் உருள்வதில் உண்டாகும் தடை ஒன்று. காற்றின் தடை மற்றொன்று. முன்னது வண்டியின் எடையைப் பொறுத்தது. வேகத்தால் அதிகம் மாறாது. பின்னதோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்கு. இரண்டு தொன் எடையுள்ள கெப் வண்டியில் உருளும் தடை ஏறத்தாழ 25 கிலோ எடையைத் தூக்கும் விசைக்குச் சமம் என்று கொள்ளலாம். காற்றுத்தடை மணிக்கு 40 கிலோமீற்றரில் ஏறத்தாழ 9 கிலோ. 60 இல் 20 கிலோ. 90 இல் 45 கிலோ.

இனிக் கூண்டைச் சேர்த்துப் பார்ப்போம். நன்கு அமைந்த கூண்டு காற்றுத்தடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கூண்டின் எடை 80 கிலோ என்றால், அதனால் உருளும் தடை ஏறத்தாழ ஒரு கிலோ கூடும். 60 கிலோமீற்றர் வேகத்தில் காற்றினாற் கிடைக்கும் ஆதாயமும் அதே ஒரு கிலோ. வரவும் செலவும் சரி! 40 இல் ஓடினால் நட்டம். 90 இல் ஓடினால் சிறு இலாபம். அன்றியும், ஒவ்வொரு சந்தியிலும் நின்று புறப்படும்போது அந்த 80 கிலோவையும் சேர்த்தே இயந்திரம் தள்ளவேண்டும். அதிவேகப் பாதையில் நாள் முழுதும் ஓடுபவருக்கு நியாயமாகத் தோன்றும் வாதம் அக்கரைப்பற்றுச் சந்தியிற் செல்லாது.

“அப்படியானால் திறந்த பெட்டிக்குள் காற்று விழுந்து இழுக்காதா, சேர்?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. வயல் வாய்க்காலின் ஓரத்திலே ஒரு குழிவு இருந்தால் அங்கே என்ன நடக்கிறது? ஓடும் நீர் அதற்குள் பாய்ந்து மோதிக்கொண்டிருப்பதில்லை. குழிவிலுள்ள நீர் ஒரு சுழியாகச் சுழன்றுகொண்டிருக்க, மேலே வரும் நீர் அச்சுழியின் மீது வழுக்கிப் போய்விடுகிறது. திறந்த பெட்டியிலும் அவ்வாறே காற்றுச் சுழி ஒன்று தங்கிச் சுழல்கிறது. கூரையைத் தாண்டி வரும் காற்றில் பெரும்பகுதி அதன் மேலாகப் பின்கதவைக் கடந்து செல்லும். காற்று வெளியேறட்டும் என்று பின்கதவைத் திறந்து தொங்கவிட்டு ஓட்டுவோர் பலர். அவர்கள் அந்தச் சுழியைக் கலைத்து விடுகிறார்கள். மிச்சம் கிடைப்பது அரிது, நட்டமும் வரலாம்.

கூண்டின் வடிவமும் முக்கியம். சாரதி இருக்கும் பகுதியின் கூரைக்குச் சமமான உயரத்தில் அமைந்து, பின்னோக்கிச் சற்றே சரிந்திருந்தால் காற்று ஒட்டிச் சென்று அமைதியாகப் பிரியும். கூரைக்கு மேல் எழும்பி நிற்கும் பெட்டிக் கூண்டு காற்றுக்குப் புதிய சுவர் எழுப்பியது போலாகும். உள்ள செலவையும் கூட்டிவிடும்.

ஒலுவிலை அண்மித்தபோது இதற்குப் பொருத்தமான உதாரணம் ஒன்று கிடைத்தது. 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் கல்லணைகள் கரையோரம் மணலைக் கொண்டுசெல்லும் நீரோட்டத்தைத் தடுத்தன. வாயிலில் மணல் மூடியது, வடக்கேயுள்ள கரையைக் கடல் அரித்தது. ஓட்டத்தின் நடுவே ஒன்றை வைத்தால், விளைவு வைத்த இடத்தில் மட்டும் நிற்பதில்லை. நீருக்கும் அதுவே, காற்றுக்கும் அதுவே.

இரண்டாம் சனிக்கிழமை மாலை கணக்குப் பார்த்தோம். திறந்த பெட்டிக்கும் கூண்டுக்கும் இருந்த வித்தியாசம் கால் லீற்றருக்கும் குறைவு. தாங்கியை நிரப்பும்போது ஏற்படும் பிழையே அவ்வளவு வரும். எனவே மிச்சம் என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை.

டீசற் கணக்கு அத்துடன் முடிந்தது. மூன்றாம் சனிக்கிழமை வேறொரு பாடம் காத்திருந்தது.

கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முந்திய நாட்கள் அவை. உகந்தையையும் குமண வனத்தையும் கடந்து கதிர்காமம் செல்லும் அடியார்கள் வீதியோரமாகக் கூட்டங் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். அறுகம்பே விடுதிக்காரர் ஒருவருக்காக நான்கு அலைச்சறுக்குப் பலகைகளை அக்கரைப்பற்றில் ஏற்றினோம். கூண்டுக்குள் அடங்காத நீளம். கூண்டின் மேலேயே கட்டினான்.

திருக்கோவிலைத் தாண்டிக் கோமாரிப் பக்கம் சென்றால் ஊர்கள் அருகிவிடும்; வண்டிகள் விரைவெடுக்கும். வீதி தெற்கு நோக்கி ஓடுகிறது. அக்காலத்துக் கச்சானோ மேற்கிலிருந்து வயல்களைக் கடந்து வருகிறது. ஆகவே வண்டியின் முகத்தில் அடியாமல் விலாவில் அடிக்கும். மரச்சோலை ஒன்று முடிந்து வெளி தொடங்கும் இடத்தில், திடீரென்று யாரோ தோளால் இடித்தாற்போல வண்டி இடப்புறம் ஒரு முழம் நகர்ந்தது. அந்த இடப்புறத்திலேதான், தலையில் மூட்டையுடன் ஏழெட்டு அடியார்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பையன் பதறிச் சுக்கானை வலப்புறம் வெட்டினான். மேலே கட்டிய பாரம் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் ஆடி, வண்டி நிலைகொள்ள இரண்டு மூன்று கணங்கள் ஆயின. ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. சற்றுத் தூரம் போய் நிறுத்தினான். கைகள் நடுங்கின. பின்னால் வந்த மூதாட்டி ஒருவர் எங்களைக் கடக்கையில், “மெதுவாப் போ மனே, முருகன் எங்கேயும் ஓடிப்போக மாட்டான்” என்று சிரித்துக்கொண்டே சென்றார்.

காரணம் விளங்கக் கடினமன்று. கூண்டு வண்டியின் பக்கப்பரப்பைக் கூட்டுகிறது. குறுக்குக் காற்றுப் பிடிக்கப் பாய் விரித்தது போல. பாரம் உயர உயர வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்கிறது. வளைவிலும் வெட்டித் திருப்பும்போதும் ஆட்டம் மிகும். கூண்டு மட்டும் இருந்த முன்னைய பயணத்தில் இத்தனை ஆட்டம் இல்லை. உண்மையில், வெற்று வண்டியின் பின்புறம் இலகுவாகத் துள்ளும். ஈரத் தரையில் தடுப்பை அழுத்தினால் பின்சில்லுகள் எளிதில் வழுக்கும். கூண்டின் எடை அங்கே சிறிது பிடிமானம் தந்தது. ஆபத்தைப் பெருக்கியவை கூண்டின் மேல் ஏற்றிய பலகைகளும், காற்றடிக்கும் வெளியில் குறையாத வேகமும், பதறிய கையும். போகும் வழியில் மட்டுமே பலகைகள் இருந்தும், அன்று டீசல் ஏறத்தாழ அரை லீற்றர் கூடுதலாகச் சென்றிருந்தது.

பொத்துவிலிலிருந்து அறுகம்பேக்குள் நுழையும் பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல்கோள் அழிவு செய்த இடம் இது. அதன் பின்னர் அமெரிக்க உதவியுடன் எழுந்த பாலம். ஒரு புறம் அமைதியான களப்பு, மறுபுறம் குடா. தென்கடலில் எழுந்து நெடுந்தூரம் வரும் அலை, கடலுக்குள் நீண்ட முனையிலே பட்டு, ஓரத்திலிருந்து வரிசையாகச் சுருண்டு உடைகிறது. அந்தச் சுருளின் விளிம்பிலே இளைஞர்கள் நின்று வழுக்கிச் செல்கிறார்கள். அலையை அடித்து வெல்ல முயன்றவர் விழுகிறார். அதன் போக்கை அறிந்து உடலைத் தாழ்த்தியவர் கரை வரை வருகிறார். என் மாணவன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பியதும் ஹாஜியாரிடம் சொன்னேன்: “டீசலுக்காக வாங்கவேண்டாம், ஹாஜியார். அந்தக் காசு ஒருநாளும் திரும்பாது. துணி நனையாமலும் புழுதி படியாமலும் இருக்க வேண்டுமென்றால் வாங்குங்கள். ஆனால் நகையை அடகு வைத்து வேண்டாம். கூரை உயரத்துக்கு மேற்படாத பழைய கூண்டு போதும். பாரத்தைத் தாழ்வாக, பின் அச்சுக்கு முன்பாக அடுக்கச் சொல்லுங்கள். மேலே ஒன்றும் கட்டவேண்டாம். டயரில் காற்று சரியாக இருந்து, வேகமும் அளவாக இருந்தால், விற்பனையாளர் சொன்ன மிச்சம் அதிலேயே கிடைக்கும்.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு உள்ளே பார்த்து, “நகை இருக்கட்டும்” என்று குரல் கொடுத்தார். மைத்துனருடைய கூண்டையே தவணைக்கு வாங்கிக்கொள்வது என்று அன்றிரவே முடிவாயிற்று.

இப்பொழுது மருதமுனைச் சேலை நனையாமல் அறுகம்பே போய்ச் சேர்கிறது. கோமாரி வெளி வந்ததும் பையன் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறானாம். நடந்து செல்வோரைக் கண்டால் இன்னும் குறைக்கிறானாம். வகுப்பறையில் இரண்டு ஆண்டுகள் நான் கற்பித்த பௌதிகவியலை, கச்சான் காற்று ஒரே கணத்திற் கற்பித்துவிட்டது.