மிச்ச டேப்

அறுபது நிமிஷ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு. பாட்டுக்கு நாலரை நிமிஷம் என்று வைத்தால் 27 போகும், மூன்று மிஞ்சும். தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஒன்பது போட்டாலும் நாலைந்து நிமிஷம் நிற்கத்தான் செய்யும். கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். பாட்டு எழுதிய சீட்டை நீட்டினால் என்ன படம், யார் பாடியது என்றெல்லாம் பார்க்கமாட்டார். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து ஓரத்தில் நிமிஷங்களை எழுதிக் கூட்டுவார். பிறகு தலையைத் தூக்கி, "மூணு மிஞ்சுதுடே" என்பார், ஏதோ நமக்கு வரவேண்டிய சில்லறை பாக்கி இருக்கிற மாதிரி.

மற்ற கடைகளில் அந்த மூன்று நிமிஷத்தை வெறுமனே விட்டுவிடுவார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் உஸ்ஸென்று இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் ஏழாவது பாட்டு ஒன்றைத் திணிப்பார்கள். அது சரணத்துக்கு நடுவில் கழுத்தைத் திருகினாற்போல அறுந்துபோகும். அண்ணாச்சிக்கு இரண்டுமே ஆகாது. "காசு குடுத்து வாங்குன டேப்புல எரைச்சலயா கேப்ப?" என்று கேட்டுவிட்டு, அவர் இஷ்டத்துக்கு அந்த இடத்தில் எதையாவது பதிந்துவைப்பார். கேட்டு வாங்கியதல்ல, அதற்குக் காசும் கிடையாது. கேசட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டே வந்து, கடைசி வரியில் 'மிச்சம்' என்று மட்டும் போட்டிருப்பார். பெயர் இருக்காது. பிடித்தால் நாமே திரும்பப் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பிடித்ததா என்று அவராக ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த தடவை கடைப் படியேறும்போது முகத்தை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார்.

எங்கள் வீட்டுக்கு டூ-இன்-ஒன் வந்தது துபாய் மாமா புண்ணியத்தில். 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' எல்லாம் வந்திருந்த சமயம். அப்பா மில்லிலிருந்து முதல் ஷிப்ட் முடிந்து வரும்போது, கையில் காசும் சீட்டுமாக வாசலில் நிற்பேன். டிடிகே, சோனி எல்லாம் எட்டாத விலை. இருக்கிறதிலேயே மலிவானதாக, அட்டையில் பெயர்கூடச் சரியாக அச்சாகாத ஒரு அறுபது வாங்கிக்கொடுத்தார். அதில் 'மௌன ராகம்' அஞ்சு பாட்டும் போக, மேற்கொண்டு ஒன்று கேட்டு எழுதிக்கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கேசட் கைக்கு வந்தது.

ஆறாவது பாட்டு முடிந்தது. இரண்டு நொடி அமைதி. பிறகு வயலின்கள் வந்தன. ஒன்று ஓட, இன்னொன்று அதே தடத்தில் துரத்திக்கொண்டு வர, கீழே மூன்றாவது ஒன்று இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி நடந்து வந்து சரியாக முனையில் சேர்ந்துகொண்டது. குரல் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவேயில்லை. அப்படி இருக்கும்போதே, வயலின் ஒரு வீச்சில் மேலே ஏறிக்கொண்டிருந்த இடத்தில், டக்கென்று பொத்தான் எகிறியது. டேப் தீர்ந்துவிட்டது.

மறுநாள் போய், "அந்த மிச்சத்துக்குப் பேரு என்ன அண்ணாச்சி?" என்றேன்.

"ஹவ் டு நேம் இட்."

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பேரு கேட்டால் பேரு எப்படி வைக்கிறது என்கிறார். அவர் சிரித்துக்கொண்டே பின்பக்கத் தட்டிலிருந்து இசைத்தட்டின் உறையை உருவிக் காட்டினார். "அதுக்கு என்ன பேரு வைக்கங்கதுதாம்டே அதுக்குப் பேரு." 1986-ல் இளையராஜா சினிமாவுக்கு இல்லாமல் தனியாகச் செய்தது, தியாகராஜருக்கும் ஜே.எஸ்.பாக்குக்கும் சமர்ப்பணம், வயலின் வி.எஸ்.நரசிம்மன். இதையெல்லாம் உறையைப் பார்த்து அவரே வாசித்துக் காட்டினார். பாதியில் அறுந்ததைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. பாடாத இசையாக இருந்தால் டேப் முடிகிற நேரம் பார்த்துத் சத்தத்தை மெல்லக் குறைத்து அடக்கிவிடுவது அவர் வழக்கம். இந்த டேப் முப்பது நிமிஷம் என்று போட்டுவிட்டுச் சில நொடிகள் குறைவாக இருந்திருக்கிறது. "டேப்பு ஏமாத்திட்டுடே. கொண்டா, சும்மா மாத்திப் பதிஞ்சு தாரேன்" என்றார். கொண்டுபோகவேயில்லை. எனக்கு அது அறுகிற இடம் வரைக்கும்தான் பாட்டு என்று அதற்குள் ஆகிவிட்டிருந்தது.

சினிமாவில் வராத தமிழ் இசை என்றால் எங்களுக்கு அப்போது பக்திப் பாட்டு, கச்சேரி இரண்டுதான். இல்லை, மூன்றாவதும் ஒன்று இருந்தது. தெற்கே எங்கள் பக்கம் திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலி துல்லியமாக எடுக்கும். கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரல்கள் எங்கள் தெருவில் குடியிருந்தவர்கள் மாதிரி. அந்தக் காற்றில் வந்தவைதான் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி'யும். படம் கிடையாது, கதாநாயகன் கிடையாது, பைலா தாளத்தில் ஒரு ஆள் தன் ஊர்ப் பேச்சில் பாடிவிட்டுப் போகிறார். அண்ணாச்சி சொல்வார்: "இவங்கள்லாம் யாருகிட்டயும் சான்ஸ் கேக்காமப் பாடுனவங்கடே." இன்றைக்கு சுயாதீன இசை என்று வாய்நிறையச் சொல்கிறார்களே, அதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் இறந்தார். பத்திரிகைகளில் வந்த செய்தியைப் பார்த்தபோது எனக்கு அவர் முகம் நினைவுக்கு வரவில்லை, கடையின் பினாயில் வாசனைதான் வந்தது.

கடை என்றால் ஆறடிக்கு எட்டடி. மூன்று சுவரிலும் இசைத்தட்டு, முதுகு தெரிய நிறுத்தியிருக்கும். தட்டில் தூசு இருந்தால் நனைத்த வெல்வெட் துணியால் சுழற்றித் துடைத்து, முள்ளை ஊதி, விளக்கு வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் இறக்குவார். டெக்கின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். பஞ்சில் பழுப்பு நிறம் ஏறுவது நின்றால்தான் அடுத்த வேலை. பதிந்து முடிந்த கேசட்டை அவருடைய கடை டெக்கில் கேட்டுச் சரிபார்ப்பதோடு விடமாட்டார், பக்கத்தில் இருந்த ஒரு லொடலொட டேப்ரெக்கார்டரிலும் போட்டுப் பார்ப்பார். "உங்க வீட்ல இதுதானடே இருக்கும்." ஊரில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸிலும் மில்லிலும் இருந்தார்கள், அவர்கள் வீட்டில் என்ன ஒலிபெருக்கி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தை தூர்தர்ஷனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தேன். கட்டி முடியாத வீட்டைச் சொக்கலிங்க பாகவதர் தடவித் தடவிப் பார்க்கிறார். படத்தில் பாட்டே இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த இசை வந்துகொண்டிருந்தது. 'ஹவ் டு நேம் இட்'டைத்தான் பின்னணிக்கு எடுத்திருந்தார்கள். "இது எங்கிட்ட இருக்கு" என்று கத்தினேன். அம்மா, "என்னது, வீடா?" என்றாள். நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம்.

பிறகு சென்னை, திருவல்லிக்கேணி மேன்ஷன், எட்டுக்கு எட்டு அறையில் மூன்று பேர். சம்பளம் வந்த சனிக்கிழமை ஸ்பென்சர் பிளாசா மியூசிக் வேர்ல்டுக்குப் போய் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கால் கடுக்க நிற்பேன். வாங்காமல் கேட்கலாம் என்பது எனக்குப் பெரிய அதிசயம். அங்கேதான் இந்தியன் ஓஷன் குழுவின் 'கந்தீசா' கிடைத்தது, 2000-ல் வந்த தொகுப்பு. அதன் பெயர்ப் பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் அராமிய வழிபாட்டுப் பாடல். ஒரு சொல்லும் புரியாது. அசீம் சக்ரவர்த்தி தபலாவையும் வாசித்துக்கொண்டு பாடுகிற அந்தக் குரல் நெஞ்சுக்கூட்டில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. அவரும் இல்லை இப்போது, 2009 கிறிஸ்துமஸ் அன்று போனார்.

'கந்தீசா' கிடைத்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அண்ணாச்சிக்கென்றே அதே கேசட்டில் இன்னொன்று வாங்கிப் போனேன். முதல்தடவையாக அவருக்கு நான் ஒன்றைக் காட்டப்போகிறேன் என்ற பெருமிதம். கடையில் பாதி விசிடி வாடகையாக மாறியிருந்தது. இசைத்தட்டுகளை யாரோ மொத்தமாக எடைக்கு வாங்கிப்போய்விட்டார்களாம். டெக் மட்டும் இருந்தது. போட்டுக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்குடே. ஆனா நீளம். மிச்சத்துல நிக்காது."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு டீ சொன்னார்.

நானும் மற்றவர்களுக்கு அவர் மாதிரி செய்ய முயன்றதுண்டு. மேன்ஷன் தோழர்களுக்கு எம்பி3 சிடி எழுதிக்கொடுக்கும்போது கடைசியில் கேட்காத ஒன்றைச் சேர்த்துவிடுவேன். 700 எம்பியில் நூற்றைம்பது பாட்டு. நூற்றைம்பத்தோராவதை எவன் போய்க் கேட்கிறான்? ஒருத்தன் எனக்கு ஹார்டு டிஸ்க் நிறைய, ஜிபி கணக்கில் உலக இசை கொடுத்தான். அதைத் திறந்ததுகூட இல்லை. நான் கொடுத்ததில் தப்பித்தவறிச் சென்று சேர்ந்தது ஒன்றுதான். மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-ல் கொண்டுவந்த 'வல்லவன்'. 'நிழல்கள்' படப் பாட்டின் மேல் அவர்கள் ராப் பாடியதைக் கேட்டு அறையில் ஒருவர் அடிக்கவே வந்துவிட்டார், இளையராஜாவை இப்படிச் செய்யலாமா என்று. ஒரு வாரம் கழித்து அவரே குளியலறையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சியைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் செய்தது சட்டப்படி திருட்டு. அந்த மூன்று நிமிஷத்துக்கு நரசிம்மனுக்கோ ராஜாவுக்கோ ஒரு பைசா போகவில்லை; ஆறு பாட்டுக்கும்தான் போகவில்லை. என் மகள் இதைச் சொல்லிக் காட்டுகிறாள். அவள் பெங்களூரில் இருக்கிறாள், பேண்ட்கேம்ப் என்கிற இணையதளத்தில் தொகுப்பு வாங்குகிறவள். அங்கே நூற்றுக்குப் பதினைந்து போக மற்றதில் பெரும்பகுதி பாடினவர்களுக்குப் போகிறது, 2020 கொரோனாவில் ஆரம்பித்த சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பதினைந்தையும் எடுப்பதில்லை என்று விளக்கினாள். நியாயம்தான். மறுபேச்சில்லை. அவள் சொல்லித்தான் கேபர் வாசுகி என்கிற பாடகரைக் கேட்டேன், ஜடாயு என்கிற குழுவைக் கேட்டேன். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறியபோது பறையும் கானாவும் ராப்பும் கலந்து வந்த சத்தத்தை அவள்தான் போனில் போட்டுக் காட்டினாள். நல்ல காது அவளுக்கு. ஒரு தொகுப்பை அனுப்பிப் பத்து நிமிஷத்தில், "கேட்டீங்களாப்பா?" என்று வந்துவிடும், குறை அது ஒன்றுதான். நாற்பது நிமிஷத் தொகுப்பு அது.

அண்ணாச்சி எப்போது போனார் என்பது தெரிவதற்குள் ஒரு வருஷம் ஆகிவிட்டது. கடை இருந்த இடத்தில் ஒரு செல்போன் கடை இருக்கிறது. அந்த அறுபது நிமிஷக் கேசட் என்னிடம் இருக்கிறது. போட்டுக் கேட்க டேப்ரெக்கார்டர் இல்லை. அட்டையில் ஸ்கெட்ச் பேனா மை வெளிறி, பாட்டுப் பெயரெல்லாம் அழிந்துவிட்டது. 'மிச்சம்' மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கிறார், படிக்க முடிகிறது.

'ஹவ் டு நேம் இட்'டை அதற்கப்புறம் முழுதாக வாங்கினேன். கேசட், சிடி, இப்போது போன் என்று எத்தனையோ முறை கேட்டாயிற்று. இன்றைக்குக் காலையிலும் அடுக்களையில் போட்டுவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வீச்சு வந்தது. வயலின் மேலே ஏறுகிற இடம். கத்தி நின்றது, கை கேசட்டைத் திருப்பிப்போடத் தயாரானது, காது அந்த டக் சத்தத்துக்குக் காத்திருந்தது. வயலின் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.