மடிப்பின் மேல் மை

மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷங்களில் ஆண்கள் கப்பலேறிப் போனார்கள். அதனால்தான் இங்கே ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்தால் பத்திரத்துக்கும் ஜாதகத்துக்கும் நடுவே ரங்கூன் நோட்டோ மலேயா நோட்டோ இரண்டு கிடைக்கிறது. நான் நோட்டு சேர்க்கிறவன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டதால் அவை என் மேஜைக்கும் வருகின்றன. "தம்பி, எங்க ஐயா பர்மாவுலேருந்து கொண்டாந்தது. நல்ல நோட்டா, கள்ள நோட்டான்னு பாத்துச் சொல்லு" என்பார்கள். அடுத்த மூச்சில், "எவ்வளவு பெறும்?" இரண்டும் வேறு வேறு கேள்விகள். அசலாக இருப்பதாலேயே ஒரு நோட்டுக்கு விலை வந்துவிடாது.

ஜப்பான்காரன் நோட்டு இதற்கு நல்ல உதாரணம். 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ராணுவம் பர்மாவில் ரூபாயாகவும் மலேயாவில் டாலராகவும் தாள் பணம் அடித்தது. பர்மா தாளில் 'பி' என்று தொடங்கும் எழுத்துகள் இருக்கும், மலேயா தாளில் 'எம்'. பத்து டாலர் தாளில் வாழை மரம் இருந்ததால் மலேயாவில் எல்லாத் தாளுக்கும் வாழைப் பணம் என்றே பெயர் விழுந்துவிட்டது. போர் முடிந்ததும் மூட்டை மூட்டையாகச் செல்லாக்காசானது. இன்றும் ஏராளமாகக் கிடைப்பதால் விலை சொற்பம்தான். ஆனால் தொடக்கத்தில் வந்த சில மலேயா தாள்களில் மட்டும் வரிசை எண் உண்டு, அவை அரிது. எண்ணோடு ஒரு தாள் வந்தால் லென்ஸை முதலில் அந்த எண்ணின் மேல்தான் வைக்க வேண்டும்.

முழு நோட்டையும் போலியாக அடிப்பவனைப் பிடிப்பது எனக்குப் பெரிய சிரமமாகப் பட்டதில்லை. கலர் ஜெராக்ஸ் என்றால் லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும். அசலில் நீர்க்குறி தாள் ஈரமாக இருக்கும்போதே உருவாவது. பழைய நோட்டில் மன்னர் ஆறாம் ஜார்ஜின் தலை வெளிச்சத்தில் கன்னத்தில் ஒரு சாயல், நெற்றியில் ஒரு சாயல் என்று இழைந்து தெரியும். போலியில் அது வெளிறிய மையில் வரைந்த படமாகத் தட்டையாக நிற்கும். சில சமயம் லென்ஸே வேண்டாம், சரித்திரம் போதும். ரிசர்வ் வங்கி 1935-இல் தொடங்கியது, அதன் முதல் நோட்டான ஐந்து ரூபாய் வெளிவந்தது 1938 ஜனவரியில். அதில் கையெழுத்திட்டவர் இரண்டாவது கவர்னர் ஜேம்ஸ் டெய்லர். முதல் கவர்னர் ஆஸ்பர்ன் ஸ்மித் எந்த நோட்டிலும் கையெழுத்திடவில்லை. அவர் கையெழுத்தோடு ஒரு நோட்டைக் காட்டினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எனக்குக் கோபம் வருவது அசல் நோட்டைத் தொட்டுத் திருத்துபவர்கள் மேல்தான். போருக்குப் பிறகு பர்மாவில் புழங்குவதற்காக இந்தியாவின் ஆறாம் ஜார்ஜ் நோட்டுகளிலேயே 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் கூடுதலாக அச்சிட்டார்கள். 1948-இல் பாகிஸ்தானுக்காகவும் நாசிக் அச்சகத்திலேயே இப்படி 'பாகிஸ்தான் அரசு' என்று சேர்த்து அச்சிட்டார்கள். அந்த ஒரு வரிக்காக விலை பல மடங்கு ஏறுகிறது. மோசடிக்காரன் சாதாரண ஜார்ஜ் நோட்டை வாங்கி அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுகிறான். தாள் அசல், நீர்க்குறி அசல், கையெழுத்தும் அசல். பொய் அந்த ஒரு வரியில் மட்டும்.

அதைப் பிடிக்க நான் பார்ப்பது மடிப்பை. கைமாறிக் கைமாறி மடிந்த நோட்டில், மடிப்பின் மேல் நார் உடைந்து, மை உதிர்ந்து, மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். எழுத்து அச்சகத்திலேயே விழுந்தது என்றால் அந்தக் கோடு எழுத்தையும் வெட்டிக்கொண்டு போகும். பின்னாளில் அடித்தது என்றால் மை மடிப்புக்குள் இறங்கி, உடைந்த நாரில் ஊறி, ஓரம் பிசிறியிருக்கும். மடிப்பு முந்தியா, மை முந்தியா என்பது பத்து மடங்கு லென்ஸில் தெளிவாகத் தெரியும். சேகரிப்பவர்கள் தேடும் நட்சத்திரக் குறி நோட்டுகளையும் (2006-இல் வரத் தொடங்கியவை), 786 என்று முடியும் எண்களையும் இப்படித்தான் பார்க்கிறேன். புழங்காத புது நோட்டில் மடிப்பு இருக்காதே என்றால், எண்ணைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அச்சு எழுத்து அழுத்திய இடத்தில் மை ஓரத்துக்கு ஒதுங்கி ஒரு கரை கட்டியிருக்கும். கம்ப்யூட்டர் பிரிண்டரில் அந்தக் கரை வராது.

பின் ஓட்டையைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நம் வங்கிகளில் நோட்டுக்கட்டைக் கம்பி அடித்துக் கட்டுவதை ரிசர்வ் வங்கி 2001-இல்தான் தடை செய்தது. அதற்கு முந்தைய நோட்டில் துருப்பிடித்த இரண்டு ஓட்டை இருப்பது இயல்பு. அறுபது வருஷ நோட்டு ஓட்டையும் இல்லாமல் மொடமொடவென்று வந்தால்தான் எனக்குச் சந்தேகம். சோப்புத்தூளில் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டிருப்பார்கள். பழைய பருத்தி நார்த் தாள் புற ஊதா விளக்கில் மங்கலாகவே கிடக்கும். சோப்புத்தூளில் வெளுப்புக்காகச் சேர்க்கும் ரசாயனம் நாரில் தங்கிவிடுவதால் துவைத்த நோட்டு நீலமாக ஒளிரும். அதைப் 'புதுசு மாதிரி' என்று விற்பதும் மோசடிதான். நான் அதை வாங்குவதில்லை, விற்பதற்குத் துணை போவதுமில்லை.

டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்று போனில் வரும் ஆசை வார்த்தை வேறு ரகம். அங்கே நோட்டு அசல், ஆள்தான் போலி. முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு என்பான். தன் பெயரைச் சொல்லியே இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அப்படியும் மாதத்துக்கு ஒருவராவது அந்த நோட்டோடு என் வாசலுக்கு வருகிறார்கள்.

விலையே இல்லாத அசலும் வருகிறது. 1964 மே 17-இல் பர்மா அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. அங்கே கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு ஊருக்குக் கப்பலேறியவர்கள் சிலர் அந்த நோட்டையும் கொண்டுவந்தார்கள். அதைக் காட்டுகிறவர்களிடம், "துவைக்காதீங்க, லேமினேஷன் பண்ணாதீங்க" என்கிறேன். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரித்தெடுக்க முடியாது. கொண்டுவந்தவர் பேர், அங்கே என்ன வேலை பார்த்தார், எந்த வருஷம் ஊர் திரும்பினார் என்பதை ஒரு தனித் தாளில் எழுதி நோட்டோடு வைக்கச் சொல்கிறேன். எழுத வராதவர்களுக்கு அவர்கள் சொல்லச் சொல்ல நானே எழுதிக் கொடுக்கிறேன்.