21 சுற்றுகள்

2014 மார்ச்சில் ஒரு தமிழ் வார இதழில் என் பெயரோடு ஓர் அட்டவணை வந்தது. ஸ்பெயினில் ஹெரெஸ் தளத்தில் நடந்த ஃபார்முலா 1 சோதனை ஓட்டத்தில் எந்த அணி எத்தனை சுற்று ஓடியது என்ற கணக்கு. அந்தக் கணக்கை நான் போடவில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையன் போட்டது. ஆறு வாரத்துக்கு முன் அதே அட்டவணையைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தவன் நான். பிறகு அதை எடுத்து என் பெயரில் போட்டுக்கொண்டவனும் நான்தான்.

இதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. இத்தனை வருடமும் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்கும் தெரியாது. இப்போது ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

2013 டிசம்பரிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருடம் செபாஸ்டியன் வெட்டல் கடைசி ஒன்பது பந்தயங்களையும் வரிசையாக வென்றிருந்தார். தொடர்ந்து நான்காவது உலகப் பட்டம். கிரேட்டர் நொய்டாவின் புத்த சர்வதேசத் தளத்தில் அக்டோபர் 27-ம் தேதி அவர் பட்டத்தை உறுதி செய்தபோது இன்னும் மூன்று பந்தயங்கள் பாக்கி இருந்தன. காரை நிறுத்திவிட்டு அதன் முன் மண்டியிட்டார். அதற்குப் பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று ரசிகர்கள் சலித்துப்போனார்கள்.

அந்தச் சலிப்புக்கு மருந்தாக டிசம்பர் 9-ம் தேதி ஒரு விதி வந்தது. அடுத்த வருடம் கடைசிப் பந்தயமான அபுதாபிக்கு மட்டும் இரட்டைப் புள்ளி. ஜெயிப்பவருக்கு 25-க்குப் பதில் 50. இரண்டாவது வருபவருக்கு 18-க்குப் பதில் 36. வருடம் முழுக்க உழைத்தவர்களைத் தண்டிக்கிற அபத்தம் இது என்று வெட்டலே சொன்னார். ரசிகர்களும் கொதித்தார்கள்.

நான் அந்த விதியை ஆதரித்து எழுதினேன். நம்பிக்கையால் அல்ல, பயத்தால். 2014 அட்டவணையில் இந்தியப் பந்தயம் இல்லை. இனி கார் பந்தயத்துக்கு எதற்கு ஒரு பக்கம் என்று அலுவலகத்தில் பேச்சு எழுந்திருந்தது. கடைசி வாரம் வரை பட்டம் யாருக்கு என்று தெரியாமல் இருந்தால் என் பக்கம் பிழைக்கும். என் கவலை அவ்வளவுதான். கால்பந்து உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குத் தனி மதிப்பு இல்லையா, இதற்கும் இருக்கட்டுமே என்று ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன்.

அந்தப் பையன் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்தான். "சார், இறுதி ஆட்டம்னா எல்லாரும் தோத்துப் போய் ரெண்டு பேர் மிஞ்சுறது. இது பத்தொன்பதாவது பந்தயம். கடைசியில வருதுங்கறதைத் தவிர இதுக்கு என்ன சார் விசேஷம்?"

என்னிடம் பதில் இல்லை. "தம்பி, போய் ப்ரூஃப் பாருங்க" என்றேன்.

அடுத்த மாதம் ஹெரெஸ். 2014 ஜனவரி 28 முதல் 31 வரை, நான்கு நாள். ஃபார்முலா 1 அந்த வருடம் தலைகீழாக மாறியிருந்தது. எட்டு சிலிண்டர் இன்ஜின் போய், 1.6 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ வந்திருந்தது. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலையும் டர்போவின் புகைச் சூட்டையும் மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிற ஏற்பாடு. பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள்தான். இதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஷூமாக்கர் காலத்திலிருந்து எழுதுகிறவன் நான். அந்தப் பையனிடம் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லித் தந்திருப்பான். கேட்க வாய் வரவில்லை.

நம் நேரத்துக்கு மதியம் ஒன்றரைக்கு ஓட்டம் தொடங்கும். இரவு ஒன்பதரைக்கு முடியும். நான்கு நாளும் அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒரு நீள நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தான். இடப்பக்கம் அணிகளின் பெயர், மேலே நாட்கள். மெர்சிடிஸ் இன்ஜினுக்கு நீல மை, ஃபெராரிக்குக் கறுப்பு, ரெனோவுக்குப் பச்சை. சாப்பாட்டு டப்பாவை அங்கேயே திறந்து சாப்பிட்டதில் நோட்டின் ஓரத்தில் மஞ்சள் கறை.

வெட்டலின் ரெட்புல் அணிக்கு ரெனோ இன்ஜின். முதல் நாள் அது ஓடியது 3 சுற்று. இரண்டாம் நாள் 8. மூன்றாம் நாள் புதிதாகச் சேர்ந்த டேனியல் ரிக்கார்டோ வந்தார். அன்று 3. கடைசி நாள் 7. மொத்தம் 21. நூறு கிலோமீட்டர்கூட இல்லை. மெர்சிடிஸ் அணி முதல் நாளே முன் இறக்கை உடைந்து அதன் ஓட்டுநர் ஹாமில்டன் தடுப்பில் மோதியும் 309 சுற்று ஓடிவிட்டது. இன்ஜின் வாரியாகவும் கூட்டியிருந்தான். மெர்சிடிஸ் இன்ஜின் போட்ட கார்கள் எல்லாம் சேர்ந்து 875. ஃபெராரி 444. ரெனோ 151.

பிப்ரவரி முதல் வாரம் அதைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். "சார், ரெட்புல் இந்த வருஷம் அவ்வளவுதான் சார். ரெனோவுக்கு மின்சாரப் பக்கமும் அதோட சாஃப்ட்வேரும் தகராறு. காரை ரொம்ப இறுக்கமா மூடியிருக்காங்க, சூடு வெளிய போக வழியில்ல. இன்னும் பஹ்ரைன்ல எட்டு நாள்தான் சோதனை இருக்கு. அதுக்குள்ள சரி பண்ண முடியாது."

என் கட்டுரை ஏற்கெனவே தயாராக இருந்தது. ரெட்புல் தன் பலத்தை ஒளித்து விளையாடுகிறது, வெட்டல் முதல் பந்தயம் நடக்கும் மெல்போர்னில் காட்டுவார் என்று எழுதியிருந்தேன். நொய்டாவில் அவர் மண்டியிட்டதை நேரில் பார்த்தவன் என்ற மிதப்பு எனக்கு. "சோதனை ஓட்டத்துல யாரும் உண்மையான வேகத்தைக் காட்ட மாட்டாங்க தம்பி. ஒளிப்பாங்க" என்றேன்.

"வண்டி ஓடினாத்தானே சார் ஒளிக்க முடியும்?"

பக்கத்து மேசையில் லே-அவுட் செய்பவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவன் சொன்னது சரி என்று கேட்ட நொடியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். நோட்டின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரே கோடு. தாள் கிழிந்தது. அவன் நகல் எடுத்து வந்திருக்கவில்லை. அசல் பக்கம் அதுதான். அட்டவணைக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் ஒற்றை விரலை உயர்த்தி நிற்கும் வெட்டலின் படத்தைப் போடச் சொன்னேன். நோட்டை என் இழுப்பறையில் போட்டு மூடினேன்.

மார்ச் 16, மெர்சிடிஸின் ரோஸ்பெர்க் மெல்போர்னில் எளிதாக வென்றார். வெட்டல் சில சுற்றிலேயே வெளியேறினார். ரிக்கார்டோ இரண்டாவதாக வந்தும், எரிபொருள் பாய்ச்சல் அளவு மீறியதாகச் சொல்லி அவரைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள்.

மறுநாள் பக்கம் முடிக்க வேண்டும். நான் ஏமாந்துவிட்டேன் என்று இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். இழுப்பறையைத் திறந்தேன். கோட்டின் அடியில் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். "ஹெரெஸிலேயே தெரிந்த சேதி" என்று தலைப்பு. அடியில் என் பெயர்.

இதழ் வந்த அன்று அவன் பக்கத்தைப் புரட்டினான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று ஒரு பதில் வைத்திருந்தேன். கேட்காததால் அவனைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. என் குற்றத்துக்குச் சாட்சி தினமும் எதிரில் வந்து உட்கார்ந்தது.

மே மாதம் அவன் பயிற்சிக் காலம் முடிந்தது. வேலையை நிரந்தரமாக்கலாமா என்று என்னிடம் கருத்துக் கேட்டார்கள். "திறமை உண்டு, பணிவு போதாது" என்று எழுதினேன். அந்த நான்கு வார்த்தையில் அவன் வேலை போயிற்று. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகு அவன் எங்கும் ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை.

அந்த மே மாதத்திலேயே மொனாக்கோவில் ஜூல்ஸ் பியாங்கி ஒன்பதாவதாக வந்தார். மருஷியா என்ற சின்ன அணி. அதன் வாழ்நாளில் கிடைத்த முதல் புள்ளிகள், இரண்டே இரண்டு. அக்டோபர் 5-ம் தேதி ஜப்பானில் சுசூகா தளத்தில், மழையில், பியாங்கியின் கார் மீட்பு வண்டியில் மோதியது. அவர் நினைவு திரும்பவில்லை. 2015 ஜூலையில் இறந்தார். அணி கடனில் மூழ்கிக் கடைசி மூன்று பந்தயங்களுக்கு வரவே இல்லை.

நவம்பர் 23, அபுதாபி. எல்லோரும் பட்டத்துக்கு மோதிய ஹாமில்டனையும் ரோஸ்பெர்க்கையும் பற்றிப் பேசினார்கள். ஹாமில்டன் 17 புள்ளி முன்னால் இருந்தார். பழைய விதிப்படி ரோஸ்பெர்க் ஜெயித்தாலும் ஹாமில்டன் ஆறாவதாக வந்தால் போதும். புதிய விதியில் இரண்டாவதாக வந்தே தீர வேண்டும். நான் தொலைக்காட்சி முன் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மொனாக்கோவின் தடுப்புச் சுவர்களுக்கு நடுவே ஒன்பதாவதாக வந்ததற்கு 2 புள்ளி. இன்று இங்கே பத்தாவதாக வந்தாலே 2. ஒன்பதாவதற்கு 4. மயங்கிக் கிடக்கிற ஒருவர் சம்பாதித்ததை, களத்திலேயே இல்லாத ஓர் அணியின் ஒரே சொத்தை, நான் வரவேற்ற விதி ஒரு மாலையில் பாதி விலையாக்கிவிட்டது. டிசம்பரில் எழுதியபோது பட்டியலின் அடியில் இருப்பவர்களை நான் நினைக்கவே இல்லை. அன்று புள்ளியே இல்லாமல் இருந்த சாபர் அணிக்கு அபுதாபியிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. அணிகளின் பட்டியலில் மருஷியாவின் ஒன்பதாம் இடம் தப்பியது. அது அதிர்ஷ்டம்.

ஹாமில்டன் ஜெயித்தார். ரோஸ்பெர்க்கின் காரில் மின்சார ஏற்பாடு பழுதானது. நிறுத்திவிடச் சொன்னபோதும் முடிவு வரை ஓட்டுகிறேன் என்று கேட்டு வாங்கிப் பதினான்காவதாக வந்து சேர்ந்தார். தோற்றதை எல்லோர் கண் முன்னாலும் ஓட்டி முடித்தார். நான் அதையும் பார்த்தேன்.

டிசம்பர் 3, தோஹாவில் கூடிய உலக மோட்டார் விளையாட்டுக் குழு அந்த விதியைக் கைவிட்டது. நான் காரசாரமாக எழுதினேன். அநியாய விதி ஒழிந்தது, இதை நாம் அன்றே சொன்னோம் என்று எழுதினேன். சொன்னவன் அவன். நான் சொன்னது நேர் எதிர்.

இரண்டு வாரம் கழித்து நாமக்கல்லிலிருந்து ஓர் உறை வந்தது. லாரிப் பட்டறை வைத்திருப்பவர். என் 2013 டிசம்பர் பக்கத்தையும் 2014 டிசம்பர் பக்கத்தையும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின் குத்தி அனுப்பியிருந்தார். "உங்கள் பக்கத்தைப் பட்டறைப் பையன்களுக்கு வாசித்துக் காட்டுவேன். உங்களை நம்பித்தான் ரெட்புல் ஜெயிக்கும் என்று அவர்களிடம் அடித்துப் பேசினேன். இப்போது இந்த இரண்டு தாளில் எதைக் காட்டட்டும்?" அவ்வளவுதான் கடிதம். பதில் போடவில்லை. வாசகர் கடிதப் பகுதிக்கும் கொடுக்கவில்லை. அந்த உறையும் நோட்டு கிடந்த இழுப்பறைக்குள் போயிற்று.

இதை எழுத உட்காரும் முன் அந்த அட்டவணையைப் போட்டவருக்கு போன் செய்தேன். அவன் என்று சொல்ல இப்போது எனக்கு உரிமையில்லை. "தம்பி" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். பணிவு போதாது என்று எழுதியதையும் சொன்னேன். அது அவருக்கு அதுவரை தெரியாது. வெகுநேரம் பேச்சில்லை. பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"எழுதுங்க சார். என் பேர் வேண்டாம்" என்றார். பிறகு, "அந்த நோட்டு இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

"அனுப்பிடுங்க."

உறையில் போடும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்தேன். பச்சை மை வெளிறியிருக்கிறது. சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. கிழிசலின் ஓரத்தில் 21. பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்துவிட்டது. போன் வரவில்லை.