ஜீப்புக்கு வெள்ளம்

எம்.ஏ. தமிழ் படித்தவன் ரேடியேட்டர் ஓஸைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று ஒரு தோழர் கேட்டார். நம்முடைய அறிவு என்று பேச வந்தால் பறையைச் சொல்கிறோம், மருத்துவச்சியின் கையைச் சொல்கிறோம், நடவுப் பாட்டைச் சொல்கிறோம். கிரீஸ் படிந்த கையை யாரும் சொல்வதில்லை. குமரி மாவட்டத்து ஒர்க்ஷாப்புகளிலும் தோட்டத்து ஜீப்புகளிலும் கிடந்து தேய்ந்த நம்மாட்கள் எத்தனையோ பேர். அதில் ஒருவர் என் தாய்மாமா. சிதறாலில் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு பழைய ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்.

சிதறால் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலைமேல் இருக்கிற சமணச் சிற்பங்கள்தான். ஒன்பதாம் நூற்றாண்டு வேலை, பிற்பாடு பகவதி கோயிலாக ஆனது. ஏறிப் பார்த்து போட்டோ எடுத்துவிட்டு மார்த்தாண்டத்துக்கு பஸ் பிடிக்கிறார்கள். மலைக்குக் கீழே ரப்பர். அந்த ரப்பரில் வெயில் ஏறுவதற்கு முன்னே பால் வெட்டுகிறவர்களை யாரும் போட்டோ எடுப்பதில்லை. எங்கம்மாவும் பால் வெட்டினவள். அம்மா வெட்டிய பால்தான் மாமாவின் ஜீப்பில் ஓஸாக வந்தது என்று ஒரு கவிதை எழுதலாம், எழுதினால் கைதட்டும் கிடைக்கும். ஆனால் அது பொய். மரத்துப் பாலில் செய்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். டீசல் போகிற ஓஸுக்கு நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் வேண்டும். இப்போது வருகிற ரேடியேட்டர் ஓஸும் பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான். அம்மாவின் பால் வேண்டுமானால் டயரில் போயிருக்கும்.

மாமா பதினாலு வயதில் ஒரு தோட்டக்காரரின் ஜீப்பில் கிளியாகச் சேர்ந்தார். எங்கள் பக்கம் கிளீனரைக் கிளி என்றுதான் சொல்வது. 1979 வாக்கில். பழைய மகேந்திரா ஜீப். விடியுமுன்னே பால் வெட்டுகிற சனத்தை ஏற்றிக்கொண்டு மலந்தோட்டத்துக்குப் போகவேண்டும், திரும்பும்போது ஷீட்டு ரப்பரை அடுக்கிக்கொண்டு இறங்கவேண்டும். மேடு முழுக்க முதல் கியர். வண்டி நடக்கிற வேகத்தில் ஏறும்போது முன்னாலிருந்து காற்று அடிக்காது. எஞ்சினை ஆற்ற அந்த விசிறியும் உள்ளே ஓடுகிற தண்ணீரும்தான். எஞ்சினில் சூடான தண்ணீர் மேல் ஓஸ் வழியாக ரேடியேட்டருக்கு வரும், ஆறி, கீழ் ஓஸ் வழியாக வாட்டர் பம்புக்குத் திரும்பிப் போகும். இந்த ரெண்டு ரப்பர் குழாயில் ஒன்று பொட்டினால் வண்டி நின்றது.

அந்த ஜீப்பின் மேல் ஓஸ் வெடிப்பு விட்டுக் கிடந்தது. புதுசு வாங்கித் தரச்சொன்னால் முதலாளி, 'இந்த மாசம் ஓடட்டும்' என்பாராம். சைக்கிள் டியூபைக் கீறி இழுத்துச் சுற்றி, கம்பியால் கட்டி ஓட்டினார்கள். ரெண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் மேட்டில் ஆவி அடிக்கும். டிரைவர் வண்டியை ஓரம் கட்டுவார். முதலாளி இறங்கி நிழலில் நிற்பார். தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெள்ளம் வாங்கப் போவது கிளியின் வேலை.

இங்கேதான் விசயம் இருக்கிறது. ரோட்டோரத்து வீட்டு வாசலில் போய் நின்றால் முதல் கேள்வி, 'நீ யாருக்க மவன்?' சொன்னதும் டப்பாவை முற்றத்துக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். அவர்கள் செம்பு எங்கள் டப்பாவில் முட்டிவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பாதி மண்ணில் போகும். சில வீட்டில் கிணறு இருந்தும் 'வெள்ளம் இல்ல' என்பார்கள். அதே வாசலில் முதலாளி நின்றால் குடம் வரும். ஆனால் முதலாளி போகமாட்டார்.

'வெள்ளம் நமக்குக் குடிக்கக் கூட இல்ல மக்கா, ஜீப்புக்கு. ஜீப்புக்கு என்ன சாதி? கொண்டு போறவன் கைக்குத்தான் சாதி,' என்றார் மாமா ஒரு நாள், கிளாம்பை முறுக்கிக்கொண்டே.

டாக்டர் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் 1901ஆம் வருசத்துப் பயணத்தைச் சொல்கிறார். ஒன்பது பத்து வயசுப் பையன். அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் அப்பாவைப் பார்க்கக் கிளம்பி மசூர் ஸ்டேசனில் இறங்குகிறார்கள். சாதி தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவன் ரெட்டை வாடகைக்கு ஒத்துக்கொண்டான். அதுவும் வண்டியைப் பிள்ளைகளே ஓட்டவேண்டும், அவன் கூட நடந்து வருவான். கையில் சோறு இருந்தது, வழியெல்லாம் தண்ணீர் கிடைக்கவில்லை. மாமாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். 'அப்பமே வண்டியும் வெள்ளமும்தானா' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊரிலிருந்து வெங்கானூர் அப்படியொன்றும் தூரமில்லை. ஒரு காலத்தில் ரெண்டும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கேதான் 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி ஏறிப் பொது ரோட்டில் ஓட்டினார். புலையன் நடக்கக்கூடாத ரோட்டில் வண்டியோட்டம். நாங்கள் கூட்டங்களில் அதைப் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லவும் வேண்டும். ஆனால் ரோட்டில் ஏறின வண்டி பாதிவழியில் நின்றால் யார் வாசலுக்குப் போவது என்பது தொண்ணூறு வருசம் கழிந்தும் மாமா முன்னால் அப்படியே நின்றது.

வாசலுக்குப் போகப் பிடிக்காமல் மாமா ஓடையில் கோரி ஊற்ற ஆரம்பித்தார். ஓடைத் தண்ணீரில் சேறு. சேறு ரேடியேட்டரின் நுண் குழாய்களில் போய்ப் படிந்தது. படிந்ததும் வண்டி இன்னும் சீக்கிரம் கொதித்தது. கொதித்ததால் ஓஸ் இன்னும் சீக்கிரம் போனது. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே செம்மண். முதலாளி மாமாவின் கூலியில் பிடித்துக்கொண்டார். 'செவி கேக்காத பய, ஓட வெள்ளம் ஊத்தினான்' என்று. அந்தச் செம்மண் எந்த வாசலிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதே வருசம் கையும் வெந்தது. வண்டி ஆவி விட்டு நிற்கும்போது, தாமசமாகிறது என்று முதலாளி மூடியைத் திறக்கச் சொன்னார். மூடி இறுகியிருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய், மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து மேலே பீறும். மாமாவின் வலது முன்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் அதைத் தேமல் என்று நினைத்துத் தடவிக்கொண்டிருப்பேன்.

அப்புறம்தான் அவர் ஓஸைப் படிக்க ஆரம்பித்தார். படிப்பு என்றே சொல்கிறேன், இதற்கு வேறு சொல் தேவையில்லை. காலையில், எஞ்சின் பச்சையாகக் கிடக்கும்போது, பானட்டைத் தூக்கிவைத்துக் கையால் அமுக்கிப் பார்ப்பார். நல்ல ஓஸ் அமுங்கும், விட்டால் திரும்பி வரும். குழைந்த கத்தரிக்காய் மாதிரி இருந்தால் ஆகாது. அமுக்கும்போது உள்ளே நொறுநொறு என்று கேட்டாலும் ஆகாது. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வெடித்திருக்கும். அதிலும் கிளாம்புக்கு ரெண்டு விரல் இந்தப்பக்கம் முக்கியம், உள்வெடிப்பு அங்கேதான் தொடங்கும். கிளாம்பின் ஓரம் துருக்கறை வழிந்திருந்தால் ராத்திரி கசிந்திருக்கிறது. எண்ணெய் பட்ட இடம் உப்பியிருக்கும். கீழ் ஓஸ் வேறு குணம். பம்பு அதை உறிஞ்சுகிறது, அதனால் தளர்ந்துபோனால் வேகத்தில் சப்பிப்போய் ஓட்டத்தை அடைக்கும். சில வண்டியில் அதற்காகவே உள்ளே கம்பிச் சுருள் போட்டிருப்பான். அது துருத்து ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆறின வண்டியில் மேல் ஓஸ் சப்பிக் கிடந்தால் குற்றம் ஓஸில் இல்லை, ரேடியேட்டர் மூடியிலிருக்கிற சின்ன வால்வில். 'எல்லாரும் ஓஸத்தான் ஏசுவான்' என்று சிரிப்பார்.

கழற்றுவதற்கும் முறை உண்டு. பழைய ஓஸ் ஒட்டிப்பிடித்திருக்கும். பலத்தைக் காட்டித் திருகினால் ரேடியேட்டரின் பித்தளைக் கழுத்து பெயர்ந்து வரும். ஓஸ் எப்படியும் குப்பைக்குத்தானே, பிளேடால் நீளவாக்கில் கீறி உரிக்கவேண்டும். கழுத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கவேண்டும். புது ஓஸைத் தண்ணீரில் நனைத்து ஏற்றவேண்டும், கிரீஸ் தடவக்கூடாது. கிளாம்பு கழுத்தின் விளிம்புக்கு உள்ளே உட்காரவேண்டும், ரப்பரை அறுக்கிற அளவுக்கு முறுக்கக்கூடாது. வண்டியை ஓட்டிச் சூடேற்றி, ஆறவிட்டு, இன்னொரு முறை முறுக்கிப் பார்க்கவேண்டும். லீவு நாட்களில் இதெல்லாம் என்னையும் செய்யவைத்தார். இலக்கணம் படித்த காலத்தில் இவ்வளவு ஒழுங்காக எனக்கு யாரும் பாடம் சொன்னதில்லை.

மாமா ஓட்டிய வண்டிகள் அதற்குப் பிறகு வழியில் தண்ணீருக்கு நின்றதில்லை. ஓஸ் ஒன்று, கிளாம்பு ரெண்டு, டியூப் துண்டு, சீட்டுக்கடியில் சொந்தக் கிணற்று வெள்ளம் ஒரு கேன். கெட்டிக்கார டிரைவர் என்று பெயர் வந்தது. அது யார் வாசலிலும் போய் நிற்காமலிருப்பதற்கான ஏற்பாடு என்பது ஏறின சனத்துக்குத் தெரியும், முதலாளிகளுக்குத் தெரியாது.

இப்போது கொட்டகைக்கு வருகிற ஜீப்புகள் வேறு. பெரிய டயர் மாட்டி, மலையில் ஏற்றிப் பார்க்கிறதையே விளையாட்டாகக் கொண்ட பையன்கள். சிலபேர் மாமாவை அண்ணே என்கிறார்கள். சிலபேர் அப்பன் வயசு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், தங்களுக்கென்று பாட்டில் தண்ணீரும் கொண்டுவருகிறார்கள். காசு ரெண்டு பேரிடமும் ஒன்றுதான் வாங்குகிறார்.

கொட்டகையில் வேலை பழகுகிற பையன்கள் ரெண்டு பேர், எங்கள் தெருக்காரர்கள். சூட்டோடு வருகிற வண்டியின் மூடியில் அவர்கள் கை வைக்கக்கூடாது. ஆற அரைமணி நேரம், அதற்கு மேலேயும் ஆகும். அவசரம் என்று குதிக்கிற வண்டிக்காரரிடம் மாமா நனைத்த சாக்கை நீட்டி, 'அப்பம் நீங்களே தொறங்க' என்பார். இதுவரை ஒருவரும் சாக்கை வாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறார்கள்.